கருந்துளையின் விளிம்பில் மூவர்

கருந்துளைகளைப் பற்றிய எளிய நூல்களிலும் காணொளிகளிலும் இரண்டு செய்திகள் அடிக்கடி வரும். ஒன்று: கருந்துளைக்குள் விழும் ஒருவரை வெளியிலிருந்து பார்த்தால், அவர் அதன் எல்லையில் உறைந்து நின்றுவிடுவார், உள்ளே போவதை நாம் ஒருநாளும் காண முடியாது. மற்றொன்று: கருந்துளைகள் வாயுவையும் நட்சத்திரங்களையும் விழுங்கிக் கோடிக்கணக்கான சூரியன்களின் நிறைக்கு வளர்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் எந்த மாணவருக்கும் ஒரு கேள்வி எழும். எல்லையைத் தாண்டி எதுவும் போகவில்லை என்றால், அது வளர்ந்தது எப்படி?

கேள்வி முழுக்க நியாயமானது. முப்பது நாற்பது ஆண்டுகள் இயற்பியலாளர்களையே இது குழப்பியிருக்கிறது. விடை இதுதான்: இரண்டு செய்திகளும் சரி. முதல் செய்தி நம் கண்ணுக்கு வந்துசேரும் ஒளியைப் பற்றியது. விழுந்தவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பற்றியது அல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கருந்துளையின் எல்லை என்பது என்ன என்று தெளிவாகப் புரிந்துவிடும்.

ஒரு நிஜக் கருந்துளையை வைத்தே பேசுவோம். நம் பால்வெளி மண்டலத்தின் மையத்தில், சுமார் 27,000 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பது சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார். நிறை, சூரியனைப் போல் ஏறத்தாழ 43 லட்சம் மடங்கு. அதன் சுழற்சியைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், மையத்திலிருந்து சுமார் 1 கோடியே 27 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அதன் எல்லை அமைகிறது. சூரியனின் ஆரத்தைப் போல் 18 மடங்கு. இதை நிகழ்வெல்லை என்கிறோம். இந்த எல்லைக்குள் நடக்கும் எந்த நிகழ்வின் செய்தியும், ஒளி வடிவில்கூட, வெளியே வராது. அங்கே சுவரும் இல்லை, தரையும் இல்லை. வெறும் வெளிதான்.

இனி மூன்று பேரைக் கற்பனை செய்வோம். அக்கா வெகு தொலைவில் கப்பலிலேயே இருக்கிறாள். அண்ணன் எல்லைக்குச் சற்று வெளியே, ராக்கெட்டை முழு விசையில் இயக்கியபடி, விழாமல் அந்தரத்தில் நிற்கிறான். தங்கை எதையும் இயக்காமல் தன்போக்கில் விழுகிறாள். ஒரே எல்லை; மூவருக்கும் மூன்று அனுபவம்.

மூவரையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவர இயற்பியல் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்கு முதல் துல்லியத் தீர்வைக் கண்டவர் கார்ல் ஷ்வார்ஸ்சைல்ட். முதல் உலகப் போரில் ரஷ்யப் போர்முனையில் ஜெர்மானியப் படைவீரராக இருந்தபடியே அதைக் கண்டார். 1916இல் வெளியானது, அதே ஆண்டு மே மாதம் நோயில் இறந்தார். அவருடைய தீர்வில் ஒரு குறிப்பிட்ட ஆரத்தில் கணக்கு முறிந்தது. காலத்தைக் குறிக்கும் எண் சுழியாகிறது, தொலைவைக் குறிக்கும் எண் அளவிறந்து போகிறது. அந்த இடத்தில் இயற்கையே முடிந்துவிடுகிறது என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் முறிந்தது இயற்கை அல்ல, அளக்கப் பயன்படுத்திய முறைதான். தொலைவில் நிற்கும் அக்காவின் கடிகாரத்தைக் கொண்டு எல்லையை அளக்க முயன்றதால் வந்த சிக்கல் அது. 1933இல் ஜார்ஜ் லெமைத்ர் இதைச் சொல்லிவிட்டார். அதிகம் பேர் கவனிக்கவில்லை.

இடையில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு, எரிந்து தீர்ந்த நட்சத்திரம் தன்னைத் தாங்கிக்கொள்ள அதன் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று காட்டியது. அந்த வரம்பைத் தாண்டியது என்ன ஆகும்? 1939 செப்டம்பர் 1 அன்று, ஜெர்மானியப் படைகள் போலந்துக்குள் நுழைந்த அதே நாளில், ராபர்ட் ஓப்பன்ஹைமரும் ஹார்ட்லண்ட் ஸ்னைடரும் எழுதிய கட்டுரை வெளியானது. சுருங்கி விழும் நட்சத்திரத்தை வெளியிலிருந்து காண்பவருக்கு அந்தச் சுருக்கம் மெல்ல மெல்ல மந்தமாகி முடிவே இல்லாமல் நீளும். நட்சத்திரத்தோடு சேர்ந்து விழுபவருக்கோ ஒரு நாள் அளவிலான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றது அது. இரண்டு விடைகளும் ஒரே கட்டுரையில், ஒரே கணக்கிலிருந்து. அப்படியிருந்தும் இரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாக முடியும் என்பது 1958இல் டேவிட் ஃபிங்கல்ஸ்டைன் எல்லையின் இருபுறத்தையும் தடங்கலின்றி இணைத்துக் காட்டும் வரை பெரும்பாலோருக்குப் பிடிபடவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஓர் ஆறு போதும். அருவியை நோக்கிப் பாயும் ஆறு. மேலே தொலைவில் நீர் மெல்ல நகர்கிறது. அருவியை நெருங்க நெருங்க ஓட்டம் வேகமெடுக்கிறது. அதில் வாழும் மீன்களால் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் நீந்த முடியாது. நீரோட்டத்தின் வேகம் மீனின் உச்ச வேகத்துக்குச் சமமாகும் இடத்தில் ஒரு கோடு இருப்பதாக நினையுங்கள். கோட்டுக்கு மேலே உள்ள மீன் எதிர்நீச்சல் போட்டுத் தப்பலாம். கோட்டைத் தாண்டிய மீன் எவ்வளவு உதைத்தாலும் அருவிக்குத்தான் போய்ச் சேரும். கோட்டின் மேலேயே இருக்கும் மீன், முழு மூச்சாக நீந்தியும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் கோட்டில் தண்ணீர் வேறு நிறமில்லை, அங்கே சுழலில்லை, பாறையில்லை. நீரோடு மிதந்து போகிறவருக்குக் கோட்டைத் தாண்டியதே தெரியாது.

ஆற்றுநீருக்குப் பதில் வெளி, மீனுக்குப் பதில் ஒளி. இந்த உவமைக்குப் பின்னால் முறையான கணிதம் உண்டு. 1921இல் பிரான்சின் கணிதவியலாளர் பால் பென்லவேயும், 1922இல் சுவீடனின் கண் மருத்துவ அறிஞர் ஆல்வார் குல்ஸ்ட்ராண்டும் தனித்தனியே கண்ட வடிவத்தில், கருந்துளையைச் சுற்றிய வெளி உள்நோக்கிப் பாய்வதாகவே எழுதலாம். நிகழ்வெல்லையில் அந்தப் பாய்ச்சல் ஒளியின் வேகத்தை எட்டுகிறது. தாங்கள் கண்டது எல்லையைக் கடந்து செல்லும் வழி என்பதை இருவருமே அப்போது உணரவில்லை.

முதலில் தங்கையோடு போவோம்.

அவள் எடையற்று மிதக்கிறாள். எல்லையைத் தாண்டும் கணத்தில் அவள் உடம்பில் எந்த அதிர்ச்சியும் இல்லை. காலுக்கும் தலைக்கும் இடையே ஈர்ப்பில் இருக்கும் வேறுபாடு, அதாவது ஓதவிசை, அவளை இழுத்து நீட்டப் பார்க்கும். ஆனால் இந்தக் கருந்துளையின் எல்லையில் அது பூமியின் ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அவள் உணரவே மாட்டாள். கருந்துளை சிறியதாக இருந்தால் கதை வேறு. பத்துச் சூரிய நிறையுள்ள கருந்துளையின் எல்லையில் இதே வேறுபாடு பூமியின் ஈர்ப்பைப் போல் கோடி மடங்குக்கு மேல் போய்விடும், எல்லையை எட்டும் முன்பே உயிர் போய்விடும். பெரிய கருந்துளையே விளிம்பில் சாந்தமானது.

அவள் என்ன பார்ப்பாள்? வெளியுலகின் எதிர்காலம் முழுவதும் ஒரு நொடியில் அவள் கண்முன் ஓடி முடியும் என்று பலரும் எழுதுகிறார்கள். அது தவறு, திருத்த வேண்டிய தவறு. வெகு தொலைவிலிருந்து தன்போக்கில் விழுந்துவரும் தங்கை எல்லையைக் கடக்கும்போது திரும்பி அக்காவின் கப்பலைப் பார்த்தால், அங்குள்ள கடிகாரம் அவளுக்குப் பாதி வேகத்தில் ஓடுவதாகவே தெரியும். அவள் ஒளியை விட்டு விலகி ஓடிக்கொண்டிருப்பதால் பின்னாலிருந்து துரத்தி வரும் ஒளி நீண்டு, சிவந்து வருகிறது. இதைச் செம்பெயர்ச்சி என்கிறோம். அவள் எதிரே தெரியும் கரிய வட்டமும் வானத்தை விழுங்கிவிடவில்லை. கணக்குப்படி அந்தக் கணத்தில் அது முழு வானத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கைத்தான் மறைக்கும். மற்ற திசைகளில் எல்லாம் நட்சத்திரங்கள் தெரிந்துகொண்டிருக்கும்.

தாண்டிய பிறகு அவள் கடிகாரத்தில் சுமார் 28 வினாடிகள். அதன் முடிவில் மையம், ஓதவிசை அளவின்றிப் பெருகி நமக்குத் தெரிந்த இயற்பியலும் நின்றுபோகும் இடம். எப்படிப்பட்ட ராக்கெட்டை எப்படி இயக்கினாலும் எல்லையைத் தாண்டிய பின் ஏறத்தாழ 66 வினாடிகளுக்கு மேல் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது.

இப்போது அக்காவின் கப்பலுக்கு வருவோம். தங்கையின் கடிகாரத்தில் எல்லையைக் கடந்த நேரம் சரியாகப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு அவள் அனுப்பிய ஒளி அக்காவுக்கு வந்துசேரும். அதற்குப் பின் அனுப்பியது, கோட்டுக்கு அருகில் எதிர்நீச்சல் போடும் மீனைப் போல் ஊர்ந்து ஊர்ந்து, இன்னும் தாமதமாக வரும். பன்னிரண்டு மணிக்கு அனுப்பியது வரவே வராது. ஆகவே அக்காவின் தொலைநோக்கியில் அந்தக் கடிகாரம் பன்னிரண்டைத் தொடாது.

‘உறைந்து நிற்கும்’ என்று எழுதுகிறவர்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதிக் கதைதான் முக்கியம். அந்தப் பிம்பம் நிலைத்து நிற்பதில்லை. இந்தக் கருந்துளையில், தங்கையிடமிருந்து வரும் ஒளியின் அதிர்வெண் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. அரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளி, அரைக் கிலோமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலையாக நீண்டுவிடும். ஒளி ஃபோட்டான்கள் என்னும் தனித்தனிச் சிப்பங்களாக வருவதால், எல்லைக்கு வெளியே அவள் விளக்கு உமிழ்ந்த ஃபோட்டான்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அவற்றில் கடைசி ஒன்றும் உண்டு. அவள் கையில் இருப்பது 100 வாட் விளக்கு என்றால், அக்காவைச் சேரும் கடைசி ஃபோட்டான் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்து முடிந்துவிடும். அதன் பிறகு வெறும் இருட்டு. பத்துச் சூரிய நிறையுள்ள நட்சத்திரம் கருந்துளையாகச் சுருங்கும்போது, இந்தப் பாதியாதல் ஒரு வினாடியில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை நடக்கிறது. நட்சத்திரம் கண்ணுக்கு முன்னால் உறைந்து நிற்பதில்லை, அணைந்தே போகிறது.

பிம்பம் மங்கும் முன் இன்னொன்றைக் கேட்டுப் பார்க்கலாம். அக்காவின் கண்ணுக்குத் தங்கை இன்னும் எல்லைக்கு வெளியேதானே தெரிகிறாள்? வேகமான கப்பல் ஒன்றை அனுப்பி மீட்க முடியாதா? ஒரு கட்டம் வரைக்கும் முடியும். அக்காவின் கடிகாரத்தில் அதற்கு ஒரு கெடு இருக்கிறது. கெடுவுக்கு முன் அவள் அனுப்பும் ஒளித்துடிப்பு, தங்கையை எல்லைக்கு வெளியே எட்டும்; அவள்மேல் பட்டு, எவ்வளவு தாமதமானாலும், திரும்பியும் வரும். கெடு தாண்டி அனுப்பியது தங்கையை எட்டினாலும் எல்லைக்கு உள்ளேதான் எட்டும், திரும்பாது. ஒளியாலேயே முடியாததை எந்தக் கப்பலாலும் செய்ய முடியாது. பிம்பம் வெளியே தெரிந்துகொண்டிருக்கும்போதே ஆள் கைக்கெட்டாமல் போய்விட்டாள். உறைந்து நிற்பது அவள் அல்ல, அவள் விட்டுச் சென்ற ஒளி. இந்த ஒரு சோதனையை மனதில் ஓட்டிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

அண்ணனின் நிலைமைதான் மூவரிலும் கொடியது. நகராமல் நிற்பது சும்மா இருப்பதாகத் தோன்றும். இங்கே அது உச்சகட்ட முயற்சி. இந்தக் கருந்துளையின் எல்லையை ஒட்டி நிற்க வேண்டுமானால் பூமியின் ஈர்ப்பைப் போல் மூன்றரை லட்சம் மடங்குக்கும் மேலான முடுக்கத்தைத் தாங்க வேண்டும். எல்லையை நெருங்க நெருங்க அது அளவில்லாமல் ஏறும். அவனுக்கு வெளியுலகம் வேகமாக ஓடுகிறது, வரும் ஒளி நீலத்தின் பக்கம் நகர்கிறது. ஒரு மணி நேரத்தில் வெளியே ஏழு ஆண்டுகள் கழிந்ததாக 2014இல் வந்த ‘இன்டர்ஸ்டெல்லர்’ படம் காட்டியதும் இந்த வகை அனுபவமே. கரிய வட்டம் விரிந்து வானத்தை எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்ள, நட்சத்திரங்கள் எல்லாம் அவன் தலைக்கு மேல் ஒரு சிறு ஒளிவட்டமாக ஒடுங்கிவிடும். அதே இடத்தைத் தங்கை கடந்துபோனபோது அவளுக்கு வானம் விரிந்தே இருந்தது. இடம் ஒன்று, ஒருவர் எதிர்த்து நிற்கிறார், மற்றவர் தன்போக்கில் விழுகிறார். எல்லா வேறுபாடும் அதிலிருந்துதான் வருகிறது.

இதை உறுதிசெய்ய கருந்துளைகூடத் தேவையில்லை. எந்த விண்பொருளும் அருகில் இல்லாத வெற்று வெளியில் ஒரு ராக்கெட் பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் இடைவிடாமல் வேகமெடுத்துக்கொண்டே இருந்தால், அதற்குப் பின்னால் சுமார் ஓர் ஒளியாண்டுத் தொலைவில் ஓர் எல்லை உருவாகிறது. அதற்கு அப்பாலிருந்து கிளம்பும் ஒளி ராக்கெட்டை எட்டவே எட்டாது. அந்த இடத்தில் மிதக்கும் ஒரு தூசிக்கு அப்படியோர் எல்லை தன்னைக் கடப்பதே தெரியாது. ராக்கெட்டை நிறுத்தினால் எல்லையும் மறைந்துவிடும். கருந்துளையின் எல்லை இதைவிட உறுதியானது, யார் ராக்கெட்டை நிறுத்தினாலும் மறையாது. ஆனால் இரண்டும் ஒரே இனம். வெளியே தங்கிவிடுகிறவர்களுக்குத்தான் அது எல்லை. கடந்து போகிறவருக்கு அது இன்னோர் இடம்.

இவையெல்லாம் தாளில் போட்ட கணக்கு மட்டுமல்ல. ஈர்ப்பில் ஏறிவரும் ஒளி சிவக்கிறது என்பதை 1959-60இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு கட்டடத்தில், வெறும் 22.5 மீட்டர் உயரத்திலேயே ராபர்ட் பவுண்டும் கிளென் ரெப்காவும் அளந்து காட்டினார்கள். 2022இல் கொலராடோவின் போல்டர் நகரில், ஸ்ட்ரான்ஷியம் அணுக்களைக் கொண்ட கடிகாரத்தில் ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாட்டுக்கே கால ஓட்டம் மாறுவது அளக்கப்பட்டது. நாம் பேசிவரும் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டாரையே 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றும் எஸ்2 என்ற நட்சத்திரம், 2018 மே மாதம் அதை மிக நெருங்கியபோது வினாடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்தது. அதன் ஒளியில் பொதுச் சார்பியல் சொன்ன அதே கூடுதல் சிவப்பு தெரிந்தது. அக்காவின் தொலைநோக்கியில் நடப்பதன் தொடக்கம் அது.

எல்லை இருக்கிறது, தரை இல்லை என்பதற்கான சான்று எனக்கு இன்னும் அழகாகப் படுகிறது. நியூட்ரான் நட்சத்திரத்தின் மேல் வாயு விழுந்தால் அது கெட்டியான தரையில் குவிந்து, ஒரு கட்டத்தில் அணுக்கரு வெடிப்பாகத் தீப்பற்றி எக்ஸ்-கதிர்களை வீசும். தரை இருந்தால் வெடிப்பு இருக்கும். துணை நட்சத்திரத்திலிருந்து அதே போல் வாயுவை இழுத்துக்கொள்ளும் கருந்துளைகளில் அந்த வெடிப்பு காணப்படுவதில்லை. விழுந்த வாயு எங்கும் குவியவில்லை, போய்விட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து ஹார்வர்டில் பேராசிரியரான ரமேஷ் நாராயணும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த வாதத்தைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார்கள்.

குவாண்டம் இயற்பியலைக் கொண்டுவந்தால் பிணக்கு ஒன்று மிஞ்சுகிறது. 1974இல் ஸ்டீஃபன் ஹாக்கிங், கருந்துளைகள் மிக மெல்லிய வெப்பத்தை வெளியிட்டுக் கரையும் என்று கண்டார். 2012இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவைச் சேர்ந்த நால்வர், வெகுவாகக் கரைந்துவிட்ட முதிய கருந்துளையின் எல்லையில் தங்கை சாந்தமாகக் கடந்துபோக முடியாது, அங்கே ஒரு நெருப்புச் சுவரே இருக்கலாம் என்று வாதிட்டார்கள். இது தீவிரமான கேள்வி, முடிவும் எட்டப்படவில்லை. ஆனால் அந்த வாதம் தொடும் வயதை எட்ட, ஒரு சூரிய நிறையுள்ள கருந்துளைக்கே பிரபஞ்சத்தின் இன்றைய வயதைப் போல் கற்பனைக்கெட்டாத மடங்கு காலம் ஆகும். வானில் இன்று நாம் அறிந்த கருந்துளைகளுக்கு அதைக் கொண்டுவந்து பொருத்துவது அவசரம்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வளர்ச்சிக் கேள்விக்கு வருவோம். விழும் பொருளுக்கும் நிறை உண்டு என்பதை இதுவரை ஒதுக்கியே பேசினோம். நிறையோடு ஒன்று நெருங்கி வரும்போது எல்லை தன் பழைய இடத்தில் காத்துக்கொண்டிருப்பதில்லை. அதுவும் வெளிநோக்கி விரிந்து வந்து விழுவதைத் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. வெளியே நிற்பவருக்கு மிஞ்சுவது, முன்னைவிட அதிக ஈர்ப்புள்ள ஓர் இருண்ட உருண்டை மட்டுமே. அது எவ்வளவு விரைவில் அமைதியடையும் என்பதை 1970இல் பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விசுவேஸ்வரா கணித்தார்: தொந்தரவுக்கு உள்ளான கருந்துளை தனக்கே உரிய அதிர்வெண்ணில் சற்று அதிர்ந்து உடனே அடங்கிவிடும். 2015 செப்டம்பர் 14 அன்று வெளியில் பரவும் அதிர்வுகளான ஈர்ப்பலைகளை அளக்கும் லைகோ கருவிகள் பதிவுசெய்த முதல் அலையில், சுமார் 36, 29 சூரிய நிறைகளுள்ள இரு கருந்துளைகள் ஒன்றாகி, சில மில்லிவினாடிகளில் அப்படி அடங்கின.

2025 ஜனவரி 14 அன்று அதைவிடத் தெளிவான இன்னோர் இணைப்பின் அலை வந்தது. குவாண்டம் விளைவுகளை ஒதுக்கிவைத்தால் எல்லைகளின் பரப்பு குறையவே குறையாது என்று 1971இல் ஹாக்கிங் சொன்னதைச் சரிபார்க்கும் அளவுக்கு அதன் பதிவு துல்லியமாக இருந்தது. இணைவதற்கு முன் இரண்டு எல்லைகளின் மொத்தப் பரப்பு சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். இணைந்த பின் சுமார் 4,00,000.